கை ஓடணும், மனசும் ஆறணும்: வீட்டுவேலை நேரத்து இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுவேலை செய்யும்போது கேட்பதற்கென்று பாட்டுப் பட்டியல் போட்டுத் தருவது எனக்கு மிகவும் பிடித்த காரியம். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பிறகு.

மனசு லேசாகணும், ஆனா கை நிக்கக் கூடாது. ரெண்டும் ஒரே பாட்டுல கிடைக்குமா?

கிடைக்கும். கையை ஓட்டுவது தாளம். மனதை ஆற்றுவது ஒலியின் தன்மை: குரல் கத்தாமல் இருப்பது, வாத்தியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருப்பது, சத்தம் திடீரென்று எகிறாமல் இருப்பது. இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்பதால் தாளத்தில் துள்ளலும் ஒலியில் மென்மையும் ஒரே பாட்டில் தாராளமாகச் சேர்ந்து இருக்கலாம். பாட்டு பொறுக்கும்போது இந்த இரண்டையும் நான் தனித்தனியாகவே பார்க்கிறேன். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

1980-இல் ஜேம்ஸ் ரசல் என்ற உளவியலாளர் உணர்ச்சிகளை இரண்டு அச்சுகளில் வைத்துக் காட்டினார். ஒன்று இனிமையா கசப்பா என்பது, மற்றது எவ்வளவு கிளர்ச்சி என்பது. தாலாட்டும் இனிமைதான், குத்தாட்டப் பாட்டும் இனிமைதான். ஆனால் ஒன்றில் கிளர்ச்சி மிகக் குறைவு, இன்னொன்றில் மிக அதிகம். வீட்டுவேலைக்கு வேண்டியது இனிமை நிறைந்த, கிளர்ச்சி நடுவாக உள்ள இசை.

பாட்டோட வேகத்தை எப்படிக் கணக்கு பண்றது? எவ்வளவு இருந்தா சரி?

பாட்டைப் போட்டுவிட்டு, கால் தானாகத் தட்டும் இடங்களை 15 விநாடிக்கு எண்ணுங்கள். அதை 4 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வந்துவிடும். 25 தட்டு என்றால் 100.

மனிதர்கள் இயல்பாக நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 120 அடி வைக்கிறார்கள். விரலால் மேசையில் தட்டச் சொன்னாலும் பலருடைய தட்டு அதை ஒட்டித்தான் வரும். ஆகவே நடமாடிச் செய்யும் வேலைக்கு 95 முதல் 120 வரை நல்ல வரம்பு. உட்கார்ந்தோ நின்ற இடத்திலோ செய்யும் வேலைக்கு 75 முதல் 95 போதும். 130-ஐத் தாண்டினால் கை அவசரப்படும், பாத்திரங்கள் இடிபடத் தொடங்கும்.

ஒரே பாட்டை ஒருவர் 70 என்றும் இன்னொருவர் 140 என்றும் எண்ணக்கூடும். இரண்டும் தப்பில்லை, ஒருவர் பெரிய தட்டை எண்ணுகிறார், மற்றவர் அதன் பாதியை. உங்கள் தலை எந்தத் தட்டுக்கு ஆடுகிறதோ அதுதான் உங்கள் கணக்கு.

வேகம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா கேட்டா படபடன்னு வருது. ஏன்?

வேகத்தைப் பற்றிச் சொன்னது பாதிக் கதைதான். 100 தட்டுள்ள ஒரு பாட்டில் கிடாரும் புல்லாங்குழலும் இருக்கலாம்; அதே 100 தட்டில் இரைச்சலான சிந்தசைசரும் இடைவிடாத கைத்தட்டலும் கீச்சுக்குரலும் இருக்கலாம். முதலாவது ஆற்றும், இரண்டாவது அரிக்கும். உரத்த, கூர்மையான உச்ச ஒலிகள் தொடர்ந்து வந்தால் காது சீக்கிரம் களைத்துவிடும்.

இன்னொரு காரணம் தாளத்தின் பின்னல். 2014-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வில் பலவகையான டிரம் தாளங்களைக் கேட்கவைத்து, எதைக் கேட்டால் உடல் ஆட விரும்புகிறது, எது இன்பமாக இருக்கிறது என்று கேட்டார்கள். மிக எளிய தாளமும் மிகச் சிக்கலான தாளமும் பின்தங்கின. எதிர்பார்த்த இடத்திலிருந்து ஓரளவு மட்டும் தள்ளி விழும் தட்டுகள் கொண்ட நடுத்தரப் பின்னலே முன்னே வந்தது. கணக்கு போட்டுப் பின்தொடர வேண்டிய தாளம் அற்புதமாக இருக்கலாம், ஆனால் அது உங்கள் கவனம் முழுவதையும் கேட்கும். அதை உட்கார்ந்து ரசிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த வகை இசையிலருந்து ஆரம்பிக்கலாம்?

கர்நாடக இசை பிடிக்கும் என்றால் அங்கேயே தொடங்கலாம். மெதுவான விளம்பம், நடுவான மத்யமம், வேகமான துரிதம் என்ற மூன்று காலங்களில் மத்யமகாலக் கிருதிகள் வேலைக்கென்றே அமைந்தவை போல ஓடும். ராகங்களில் மோகனமும் ஹம்சத்வனியும் நல்ல தொடக்கம். ஐந்தே சுரங்கள், தெளிவான, மலர்ச்சியான ஒலி. வர்ணத்தை முதலில் ஒரு காலத்திலும் பிறகு அதை இரட்டித்தும் பாடும்போது, வேலை சூடுபிடிப்பதோடு பாட்டும் சூடுபிடிக்கும். ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையைத் தவிர்க்கவே சொல்வேன். அதில் தாளம் இல்லை. கை அப்படியே நின்று கேட்கத் தொடங்கிவிடும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் அப்படித்தான் ஆளை இழுத்து உட்காரவைத்துவிடும்.

பிரேசிலில் 1950-களின் இறுதியில் ரியோ டி ஜெனிரோ நகரில் உருவான பாசா நோவாவை நான் எல்லோருக்கும் ஒருமுறையாவது கேட்கக் கொடுப்பேன். அந்நாட்டு நடன இசையான சாம்பாவின் துள்ளல் அதில் இருக்கும், ஆனால் அது நைலான் தந்திக் கிடாருக்குள் அடங்கி இருக்கும். பாடுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுவார். முதல் பதிலில் சொன்ன இரண்டும் இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்த இசை அபூர்வம். 1960-களின் இறுதியில் ஜமைக்காவில் வளர்ந்த ரெக்கேயும் நன்றாக ஒத்துவரும். அதன் வேகம் குறைவு, ஆனால் கிடார் தட்டுக்கு நடுவே விழுவதால் இடுப்பு தானாக அசையும். மேற்கு ஆப்பிரிக்க ஹைலைஃபில் கிடார்கள் நீரோட்டம் போல ஓடும். துணி மடிக்க அதைவிட நல்ல இசை எனக்குத் தெரியாது.

திரையிசையில் தேடுவதாக இருந்தால் மெல்லிசைப் பாடல்களை முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டுச் சேருங்கள். பல்லவி மயிலிறகாக இருக்கும். சரணத்துக்கு முந்தைய இடையிசையில் பித்தளை வாத்தியங்கள் பாய்ந்து வரும். முதல் 30 விநாடியை வைத்து முடிவு செய்ய முடியாது.

பாட்டுல வரி இருக்கலாமா, வெறும் வாத்தியம்தான் நல்லதா?

வேலையைப் பொறுத்தது. கைக்குப் பழகிப்போன வேலையில் வாய் சும்மா இருக்கிறது. கூடப் பாடக்கூடிய பாட்டு அதற்கு ஒரு வேலை தருகிறது. பெருக்கும்போதும் துடைக்கும்போதும் பாடலாம். ஆனால் கணக்கு எழுதுவது, காகிதங்களைப் பிரித்து அடுக்குவது, அளவு பார்த்துச் செய்வது எல்லாம் சொல்லும் எண்ணும் புழங்கும் வேலைகள். காதில் விழும் வார்த்தைகள் அங்கே குறுக்கே வரும். அதற்கு வாத்திய இசையோ, புரியாத மொழிப் பாட்டோ போடுங்கள்.

வரிகளின் பொருளையும் கொஞ்சம் கவனியுங்கள். மெட்டு துள்ளினாலும் பிரிவைப் பாடும் பாட்டு, அந்த மொழி புரிகிறவரை வேறு எங்கோ கூட்டிக்கொண்டு போய்விடும்.

எல்லா வேலைக்கும் ஒரே பட்டியல் போதாதா?

ஓட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீச்சு உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் சுகமே தனி. உலக்கை இடிப்பவர்களும் துடுப்பு வலிப்பவர்களும் வலை இழுப்பவர்களும் பாடிய பாட்டுகளில் எப்போது மூச்சு வாங்கவேண்டும், எப்போது இழுக்கவேண்டும் என்பது மெட்டிலேயே இருந்தது. நாம் தனியாக வேலை செய்தாலும் உடம்பு அதே மாதிரிதான் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தரை துடைப்பதைப் பாருங்கள். துடைப்பம் இடமிருந்து வலம் போய், ஓரத்தில் ஒரு வளைவு எடுத்து, திரும்பி வருகிறது. அந்த வளைவில் ஒரு சின்னத் தாமதம் இருக்கிறது. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாட்டு அந்த வளைவோடு அப்படியே பொருந்தும்: தகிட என்று போய் தகிட என்று திரும்பலாம். நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் கை நேர்கோட்டில் வெட்டி வெட்டி ஓடும். அதனால் தூசி தட்டவும் அலமாரியில் அடுக்கவும் சதுஸ்ரம் நல்லது. இஸ்திரி போடுவதற்கு நீளமான இழுப்பு வேண்டும். 75-80 தட்டுக்கு மேல் போனால் மடிப்பு கோணலாகும். பாத்திரம் தேய்ப்பது வட்டமான வேலை, எந்த நடையும் ஒத்துப்போகும்.

குளியலறை கழுவும்போது டிரம் நிறைந்த பாட்டைப் போடாதீர்கள். ஓடு பதித்த சுவர் ஒவ்வொரு தட்டையும் எதிரொலித்து அடுத்த தட்டின் மேல் பூசிவிடும். ஒரு குரல், ஒரு கிடார், அவ்வளவு இருந்தால் எதிரொலியே அழகு சேர்க்கும்.

பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கணும்?

அரைமணி முதல் 40 நிமிடம். பிபிசி வானொலி 1940-இல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக ஓர் இசை நிகழ்ச்சி தொடங்கியது. அரைமணி நேரம்தான், ஆனால் தினமும் இருமுறை; 1967 வரை ஓடியது. இசை ஒரே சீரான சத்தத்தில் போகவேண்டும், சோம்பல் மெட்டுகள் கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. கைத்தட்டல் வரும் ஒரு பாட்டை விலக்கியே வைத்தார்கள், ஏனென்றால் கேட்டவர்கள் கையிலிருந்த கருவியால் இயந்திரத்தில் தட்டத் தொடங்கினார்கள்! தாளம் மனிதனை எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பட்டியல் முடியும்போது வேலையை நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். கடிகாரம் பார்க்காமலே நேரம் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

பழகின பாட்டு போடவா, புதுசா தேடவா?

பழகியதே பெரும்பகுதி இருக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. நாலைந்து பாட்டுக்கு ஒன்று புதிதாக இருந்தால் போதும்.

குழாய் சத்தத்துலயும் வாக்குவம் கிளீனர் சத்தத்துலயும் ஒண்ணுமே கேக்கல. வால்யூம் ஏத்துறதத் தவிர வழி இல்லையா?

வால்யூம் ஏற்றுவதைக் கடைசி வழியாக வையுங்கள். வாக்குவம் கிளீனர் பொதுவாக 70 முதல் 80 டெசிபல் சத்தம் போடும். சாதாரணப் பேச்சு 60 அளவில்தான். இரைச்சலை மீறிக் கேட்க இசையை அதற்கும் மேலே ஏற்றினால் காதுக்குள் போவது இரண்டும் சேர்ந்த சுமை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். வெறும் 10 கூடினதற்கு ஏன் இவ்வளவு குறைகிறது என்று கேட்பார்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது, அதனால்தான். தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். போன செவித்திறன் திரும்ப வராது.

முதலில் ஸ்பீக்கரை அருகில் கொண்டுவாருங்கள். பாதி தூரம் வந்தாலே வால்யூமைத் தொடாமல் தெளிவாகக் கேட்கும். அடுத்து, இரைச்சலுக்கு ஏற்ற இசையைத் தேர்ந்தெடுங்கள். ஓடும் தண்ணீரின் சலசலப்பு உச்ச ஒலிகளை விழுங்கும்; ஜால்ராவும் மெல்லிய வயலினும் காணாமல் போகும், செல்லோவும் ஆழ்ந்த ஆண்குரலும் தப்பும். வாக்குவத்தின் உறுமலுக்கு நடுவே எதைப் போட்டாலும் வீண். அந்தப் பத்து நிமிடம் இசையை நிறுத்திவிடுவதுதான் என் வழக்கம்.

இரைச்சல் குறைக்கும் ஹெட்போன், மோட்டார் உறுமல் போன்ற தொடர்ச்சியான கீழ் ஒலியை நன்றாக அடக்கும். பாத்திரம் மோதும் ஓசையை அவ்வளவாக அடக்காது. அதோடு அடுப்பில் ஏதாவது இருந்தாலோ, வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தாலோ ஒரு காதைத் திறந்தே வைத்திருங்கள்.

போன்ல இருந்து வர்ற சத்தம் தகரமா இருக்கு. ஸ்பீக்கர் வாங்கியே ஆகணுமா?

கட்டாயமில்லை. போனின் சின்ன ஸ்பீக்கரால் கீழ் ஒலிகளை எழுப்ப முடியாது. பேஸ் கிடாரையும் பெரிய டிரம்மையும் நம்பி ஓடும் பாட்டு அதில் எலும்பில்லாமல் ஒலிக்கும். கிடார், குழல், குரல் மேலோங்கிய பாட்டுகளைப் போட்டால் குறை தெரியாது. சிறிய ஸ்பீக்கர் ஏற்கனவே இருந்தால் அதைச் சுவர் மூலைக்குத் தள்ளிப் பாருங்கள், கீழ் ஒலி கொஞ்சம் கனம் பெறும். வெற்றுப் பாத்திரத்துக்குள் போனை வைப்பது சத்தத்தைக் கூட்டும்தான், ஆனால் பாத்திரத்தின் கணகணப்பும் சேர்ந்துவிடும்.

கடுப்பா இருக்கும்போது மென்மையான பாட்டு போட்டா இன்னும் கடுப்பாகுதே?

ஆகும். மனநிலைக்கும் பாட்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பாட்டு ஒட்டாது. 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் இதற்கு ஒரு வழி எழுதினார். முதலில் ஆளின் மனநிலைக்கு ஒத்த இசை, பிறகு படிப்படியாக வேண்டிய மனநிலையை நோக்கி நகரும் இசை. ஐசோ கோட்பாடு என்று இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

கோபமாக இருந்தால் முதல் இரண்டு பாட்டு வேகமாகவும் கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் இருக்கட்டும், அடுத்த இரண்டு நடுவாக, பிறகு பாசா நோவா. சோர்வு என்றால் தலைகீழ்: 70-இல் தொடங்கி 110-க்கு ஏறுங்கள். இதற்கென்று ஏறுபட்டியல் ஒன்றும் இறங்குபட்டியல் ஒன்றும் நான் எல்லோருக்கும் போட்டுத் தருகிறேன்.

வேலையே பிடிக்கல. அப்பவும் இசை உதவுமா?

உதவும். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டாஸ் கராகியோர்கிஸ் உடற்பயிற்சியும் இசையும் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். லேசான, மிதமான உழைப்பின்போது இசை கேட்டால் அதே உழைப்பு குறைவாகத் தோன்றுகிறது. மூச்சிரைக்கும் கடும் உழைப்பில் இந்தப் பலன் தேய்ந்துவிடுகிறது. வீட்டுவேலை பெரும்பாலும் மிதமான உழைப்புதான். எனவே பீரோ நகர்த்தும்போது பாட்டை நம்பாதீர்கள், பெருக்கும்போது நம்புங்கள்.

ஆப் தானா போடுற பட்டியலை நம்பலாமா?

தேடுவதற்கு நல்லது, ஓடவிடுவதற்கு அல்ல. உங்கள் பட்டியல் முடிந்ததும் தானாகத் தொடரும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் அரைமணி எல்லை இல்லாமல் போய்விடும். ஒலி அளவைச் சமன் செய்யும் தேர்வு ஆப்பின் செட்டிங்ஸில் இருக்கும், அதை இயக்குங்கள். பழைய பதிவு ஒன்று மெல்ல முடிந்து, புதிய பதிவு ஒன்று இடிபோல் இறங்குவது அதோடு நிற்கும். அடுத்தடுத்த பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வரச் செய்யும் தேர்வையும் நான்கைந்து விநாடிக்கு வைக்கலாம். அழைப்புமணி, போன் மணி போன்ற ஓசை வரும் பாட்டுகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சோப்புக் கையோடு ஓட வேண்டியிருக்காது.

வீட்ல எல்லாரும் சேர்ந்து வேலை செய்றோம், ஆளுக்கு ஒரு ரசனை. என்ன பண்றது?

ஆளுக்கு மூன்று பாட்டு கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, வேகம் 95-க்கும் 120-க்கும் நடுவில் இருக்கவேண்டும். வகை எதுவானாலும் தாளம் ஒட்டிப்போவதால் பட்டியல் துண்டுதுண்டாகத் தெரியாது. யாருடைய பாட்டையும் பாதியில் மாற்றக் கூடாது. சின்னவர் கொடுத்த பாட்டுக்குப் பெரியவர் கை ஓடுவதைப் பார்த்தால் அடுத்த வாரம் அவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவார்.

ராத்திரி வேலை முடிச்சிட்டு படுத்தா பாட்டு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. தூக்கம் வரல.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, படுக்கும் நேரம் வரை கிளர்ச்சி இறங்காதது. இரவு வேலைக்கு மேலே சொன்ன இறங்குபட்டியலைப் போட்டு, கடைசி இரண்டு பாட்டு 60-70 தட்டில் வாத்திய இசையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றது, ஒரே வரி சுற்றிச் சுற்றி வருவது. பாட்டைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாகக் கேட்டு முடிப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. 2015-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வில், சூயிங்கம் மென்றவர்களுக்கு இந்தச் சுழற்சி குறைந்தது தெரியவந்தது. மனதுக்குள் பாடவும் வாயசைக்கும் ஏற்பாடுகளே வேண்டும், அவை மெல்லுவதில் மாட்டிக்கொள்கின்றன என்பது விளக்கம். தூங்கப்போகும்போது மெல்ல முடியாதுதான். பல் துலக்குவதற்கு முன்னால் முயலலாம்.

ஆறு மாசம் முன்னாடி போட்டுக் குடுத்த பட்டியல் இப்ப வேலை செய்யல. பாட்டெல்லாம் அதேதான்!

அதேதான் காரணம். பழக்கம் ஓர் எல்லைவரை இனிக்கும், அதற்குப் பிறகு காது கேட்பதையே நிறுத்திவிடும். முழுப் பட்டியலையும் தூக்கிப் போடவேண்டாம். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மாற்றாமல் வைத்து, நடுவில் மூன்றை எடுத்து வேறு மூன்றைப் போடுங்கள். முதல் பாட்டு வந்ததும் கை தானாக வேலைக்குப் போகப் பழகியிருக்கும், அந்தப் பழக்கத்தைக் கெடுக்கக் கூடாது. எடுத்த மூன்றையும் தனியாக ஒரு பட்டியலில் சேமியுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போட்டால் புதுப்பாட்டு மாதிரியே ஓடும்.